நூலளவு

பட்டை எட்டவில்லை. நாயின் வயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டப் பார்த்தால் நான்கு விரல் இடைவெளி நின்றது. தன் தையல் வீணானதில் நூருல்லாவுக்கு வருத்தம் வரவில்லை, மனசு நிறைந்தது.

"நல்லாக் கொழுக்க வெச்சிருக்கப்பா," என்றான்.

சென்னப்பன் தலையை நிமிர்த்தாமல் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "தின்னுட்டுச் சும்மாத்தான கெடக்குது. நம்மள மாதிரி."

இருவரும் ஓசூரில் ஒரே கம்பெனியில் லேத் மிஷினில் நின்றவர்கள். போன வாரம் கேட்டில் பூட்டுத் தொங்கியது. திறப்பார்கள் என்று யாரும் நம்பவில்லை. எதிரே போட்ட போராட்டப் பந்தலில்கூட ஆள் குறைந்துகொண்டே வந்தது.

லீவு கிடைக்காமல் தள்ளிப்போட்ட ஒரு நடை மட்டும் பாக்கியிருந்தது. கெலமங்கலத்திலிருந்து அஞ்செட்டிக் காட்டு வழியாக ஒகேனக்கல் வரைக்கும், முதுகில் மூட்டையும் துணைக்குச் சென்னப்பனின் நாயுமாக. வழியில் யானை நின்றால் நாய் முதலில் சொல்லும். அதையாவது முடித்துவிடலாம் என்று நூருல்லா முதல் பஸ்ஸில் கிளம்பிச் சென்னப்பன் வீட்டுக்கு வந்திருந்தான்.

நாய்க்கென்று தனியாக ஒரு சுமைப்பை தைத்திருந்தான். பழைய காக்கி பேண்டின் கால்களை வெட்டி, இரண்டு பக்கமும் தொங்கும்படி இரண்டு பைகள், நடுவில் வயிற்றைச் சுற்றும் பட்டை. ஒன்றில் கேழ்வரகு மாவு, இன்னொன்றில் கருவாடு. தன் தீனியை அதுவே சுமந்து வரும்.

அதற்கு அளவெடுக்கத்தான் இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டுக்கு முதல்முறையாக வந்தான். சென்னப்பன் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போயிருந்தான். வயிற்றுக்கு அடியில் நூலை விட்டபோது நாய் சத்தமில்லாமல் திரும்பி மணிக்கட்டுக்கு மேலே கவ்வியது.

நூருல்லா யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கம்பவுண்டர் இரண்டு வழி சொன்னார். வயிற்றைச் சுற்றித் தினம் ஒன்றாகப் பதினாலு ஊசி. இல்லையென்றால் பத்து நாள் அந்த நாயைக் கவனி, அது உயிரோடு இருந்தால் உனக்கும் ஒன்றுமில்லை.

அவன் டெம்பரவரி ஆள். தினம் காலையில் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் பேரை எடுத்துவிடுவார்கள். சென்னப்பனிடம் சொன்னாலோ, கடித்த நாயை அன்றைக்கே அடித்துப் போட்டுவிடுவான். அப்புறம் எதைக் கவனிப்பது? மனைவி ஜெய்னப்பிடம் இரும்புச் சுருள் கிழித்துவிட்டது என்றான். லேத்தில் நிற்பவன் கையில் காயம் இருந்தால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

அதன் பிறகு ஷிப்டில் சென்னப்பனைப் பார்த்ததும் முதல் பேச்சு நாயைப் பற்றித்தான். சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா, குரைக்கிறதா. பொண்டாட்டியைக்கூட இப்படி விசாரிக்க மாட்டாய் போலிருக்கிறதே என்று சென்னப்பன் கேலி செய்வான். நாய் நன்றாக இருக்கிறது என்றும் சொல்வான். பத்து நாளும் அப்படித்தான் சொன்னான்.

இப்போது கொக்கியைத் தள்ளித் தைக்க நூருல்லா ஊசி நூலை எடுத்தான். நாய் திமிறியது. உட்காரச் சொன்னான். அது புரியாமல் அவன் முகத்தையே பார்த்தது. சென்னப்பன் வாய்க்குள்ளேயே "கூத்கோ" என்று கன்னடத்தில் முனகியதும், காலை மடித்து உட்கார்ந்தது.

"உன் பொண்டாட்டி ருக்மணி பழக்கினதா? ஆனேக்கல்காரிய கட்டினா நாயும் கன்னடம்தான் பேசும்," என்றான் நூருல்லா.

சென்னப்பன் கயிற்றை இழுத்துக் கட்டினான்.

நூருல்லாவின் மணிக்கட்டு அரித்தது. இரண்டு நாளாக இப்படித்தான், ஆறின தழும்புக்குள் எறும்பு ஊர்வது மாதிரி. மழை மூட்டத்துக்கு இருக்கும் என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டான்.

"என்ன பாய் அது, கையில?"

இனிச் சொன்னால்தான் என்ன? காப்பாற்ற வேலையும் இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை. சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டினான். அளவெடுத்த அன்றைக்கு உன் நாய் கொடுத்தது என்றான். ஊசிக்குப் போகாததையும், பத்து நாள் கணக்கையும், தினம் தினம் எதற்காக விசாரித்தான் என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லி முடித்தான்.

சென்னப்பன் சிரிக்கவில்லை. இறுக்கிக் கட்டிய முடிச்சை அவன் விரல்கள் தாமாகவே அவிழ்க்கத் தொடங்கின. தார்ப்பாய் மெல்ல விரிந்தது. கிணற்றடியில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் கரண்ட் போய் நின்றது.

"நீ அதுமேல உசுரா இருக்கேன்னு நெனச்சேன் பாய்," என்றான் கடைசியில். "தெனம் கேட்டியே. சொன்னா மனசு ஒடஞ்சு போயிருவியோன்னு..."

"எதச் சொன்னா?"

"நீ அளவெடுத்துட்டுப் போன நாலாம் நாளு அதுக்கு வாயில நுரை தள்ளுச்சு. பாம்பு தீண்டியிருக்கும்னு பொதச்சிட்டோம்."

நூருல்லாவுக்குப் பிடிபடவில்லை. காலடியில் வாலாட்டிக்கொண்டிருந்த நாயைப் பார்த்தான், அன்றைக்குப் பார்த்த அதே செவலை நிறம்தான். மடியில் கிடந்த பட்டையைப் பார்த்தான்.

"இது அந்த நாயி இல்ல பாய்."