சிவப்பு நூல் கட்டிய டம்ளர்

டம்ளரில் சிவப்பு நூல் சுற்றிக் கட்டியிருந்தது.

மருந்துப் பையைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்த நர்ஸ் அதைக் கவனித்தாள். கோயில் கயிறா என்று கேட்டாள்.

“இல்ல சிஸ்டர். இது என் டம்ளர்னு தெரியணும்ல. வீட்ல யாரும் மாத்தி எடுத்திரக் கூடாது.”

கட்டிலில் சாய்ந்திருந்தவள் பெயர் செண்பகம். கோவில்பட்டிக்காரி. முப்பத்து நாலு வயது. பீடிப் புகை என்றால் பேருந்து நிலையத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்ததோடு சரி. அவளுக்குத்தான் நுரையீரலில் புற்றுநோய்.

செண்பகத்தைத் தவிர எல்லாருக்கும் அது தெரியும்.

முதலில் ஊரில் டிபி என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். இருமலில் ரத்தம் நிற்காமல் போகவே இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சதை எடுத்துப் பார்த்ததில் உண்மை தெரிந்தது. கணவனும் அவன் அண்ணனும் டாக்டர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நோய்தான் மாறியது. பெயரை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

புற்றுநோய் வார்டு வாசலில் ‘ஆன்காலஜி’ என்று தமிழில் எழுதியிருந்தது. யாருக்கும் எதுவும் விளங்கிவிடக் கூடாது என்பதில் அந்தப் பலகைக்கும் அக்கறை.

இந்த நோய்க்காரர்களுக்கென்றே நர்ஸுக்குத் தனிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். எப்படிப் பக்கத்தில் உட்கார வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு எப்படிச் சும்மா இருக்க வேண்டும் என்று. பயிற்சியில் எல்லாம் இருந்தது. கணவனுடைய அண்ணன் மட்டும் இல்லை.

“குடும்பம் வேண்டாங்குது. நீங்க வாயத் திறக்காதீங்க” என்று டாக்டர் முடித்துவிட்டார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு சின்னப் பெண் நின்றாள். செண்பகத்தின் மகள். முகத்தில் முக்கால்வாசியை முகமூடி மூடியிருந்தது. அம்மாவுக்குச் சளி, கிட்டே போகக் கூடாது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கையை ஆட்டினாள். செண்பகமும் ஆட்டினாள்.

“உள்ள வரச் சொல்லுங்களேன்” என்றாள் நர்ஸ்.

“ஐயோ, வேண்டாம் சிஸ்டர். ஒட்டிக்கிரும்.” செண்பகம் தன் முகமூடியை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டாள். “வீட்ல ராத்திரி நான் தனி ரூம்தான். கதவுக்கு அந்தப் பக்கம் படுத்துக்கிட்டுக் கதை கேப்பா. மாத்திரைக்கு ஆறு மாசம் முடியட்டும். அப்புறம் ஒரு நாள் பூரா மடிய விட்டு எறக்க மாட்டேன்.”

நேற்று வந்த ஸ்கேனை நர்ஸ் பார்த்திருந்தாள். அவ்வளவு நாள் தாங்காது.

ஆறு மாதமாம்!

வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. தானாகவே ஒதுங்கிக்கொண்டாள். அப்படி வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

நர்ஸ் விறுவிறுவென்று வெளியே வந்தாள். கணவன் கோமதிநாயகம் பெஞ்சிலிருந்து எழுந்தான்.

“ஒட்டாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல? பிள்ளைய ஏன் தள்ளி நிறுத்தியிருக்கீங்க?”

“தெரியும் சிஸ்டர்.” அவன் தரையைப் பார்த்தான். “கிட்ட விட்டா, ஒட்டாதான்னு கேப்பா. ஒட்டாதுன்னா, அப்ப டிபி இல்லையான்னு கேப்பா. தாங்க மாட்டா. அண்ணனும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு.”

அவன் கண் கலங்கியது. அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கெட்டவனாக இருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். இவன் நல்லவன். அண்ணன் நல்லவர். டாக்டரும் நல்லவர்தான். இத்தனை நல்லவர்களும் சேர்ந்து ஒருத்தியின் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிவிட்டார்கள். தங்கள் பொய்க்குக் காவலாக அந்தப் பிஞ்சைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.



வாயைத் திறக்கக் கூடாது. சரி, திறக்கவில்லை.

உள்ளே போனாள். தன் முகமூடியைத் தாடைக்குக் கீழே இறக்கினாள். சிவப்பு நூல் டம்ளரை எடுத்தாள். செண்பகம் பாதி குடித்து வைத்த தண்ணீர் அதில் இருந்தது.

அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. விளிம்பில் உதட்டை வைத்து, எச்சில் படக் குடித்தாள். கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

“சிஸ்டர்! அது என் டம்ளர்.”

“தெரியும்.”

மருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

செண்பகம் காலி டம்ளரைப் பார்த்தாள். கம்பியில் தொங்கிய பையைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில், முடி கொட்டிய தலையில் துண்டு சுற்றியிருந்த அம்மாளைப் பார்த்தாள். எல்லாம் அத்தனை நாளும் அங்கேயே இருந்தவைதான்.



நர்ஸ் கட்டிலோரம் உட்கார்ந்தாள். சும்மா இருந்தாள்.

வெகு நேரம் கழித்து செண்பகம் முகமூடியைக் கழற்றினாள். அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போட்டாள். ஊசி ஏற்றாத கையைக் கதவுப் பக்கம் நீட்டினாள்.

நர்ஸ் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

பிள்ளை வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். பின்னால் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“சளி போயிருச்சாம்மா?”

செண்பகம் தலையை நிமிர்த்திக் கணவனைப் பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

“போயிருச்சு” என்றாள். “ஓடியா.”