ஒரு சாண் இடைவெளி

டெல்லிப் பணத்தில் கட்டிய தொட்டியிலிருந்து ஒரு குழாய் இறங்கி நின்றது. மாநிலப் பணத்தில் பதித்த குழாய் தெருவிலிருந்து ஏறி வந்து நின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

"அதை ஸ்டேட்டுதான் சேக்கணும்," என்றார் மத்திய இன்ஜினியர்.

"சென்ட்ரல் வேலைங்க அது," என்றார் மாநில இன்ஜினியர்.

"அப்போ என் புள்ள யாரு வேல சார்?" என்றாள் செவந்தி. கிணற்றில் சாக்கடை கலந்ததிலிருந்து மகனுக்கு வயிற்றுப்போக்கு. உப்பும் சர்க்கரையும் எடுத்து வைத்துவிட்டாள். கலக்க நல்ல தண்ணீர்தான் இல்லை.

பழைய பைக் டியூபை இரு முனைகளிலும் மாட்டிக் கயிற்றால் கட்டினாள். வால்வைத் திறந்தாள். கயிறு தெறித்தது. பாய்ந்து இரு கைகளாலும் டியூபை இறுக்கிப் பிடித்தாள். தண்ணீர் தெருக் குழாய்க்குள் ஏறி எல்லா வீடுகளுக்கும் ஓடியது.

"சபாஷ்! ஆர்டர் வர்ற வரைக்கும் கையை எடுத்துடாதம்மா!" இருவரும் அவளுக்கு இருபுறமும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு சகாயமேரி கத்தினாள்: "செவந்திக்கா, தண்ணி வந்துருச்சு! கலக்கிட்டேன்! நான் குடுத்தா வாயே தொறக்க மாட்டேங்குறான், உன் கையாலதான் வேணுமாம்! கண்ணு வேற சொருகுதுக்கா, ஓடியா!"

செவந்தி தன் கைகளைப் பார்த்தாள்.