வீட்டுப் பெரியவர்

கொரியாவை ஜப்பான் ஆண்ட காலம். சியோலில் மீன் சந்தைத் தெருவில் சுன்டோக்கின் சூப்புக்கடை அன்று திறக்கவில்லை. ‘எங்கள் வீட்டுப் பெரியவர் காலமானார்’ என்று கதவில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. உள்ளூர்க்காரரான கான்ஸ்டபிள் மான்சிக் கதவைத் தட்டினார்.

“என்னம்மா, மாமனார் போய்ட்டாரா? ஸ்டேஷன்ல பதியணுமே. பேரு?”

“பெரியவங்க பேரை நாங்க வாயால சொல்றதில்லீங்க.”

“சரி, வயசு?”

“அம்பத்திமூணு.”

“என்ன வேலை பார்த்தாரு?”

“பெரிய வேலைதான். பதினாறு வருஷம் முன்னாடி ஜப்பான்காரன் பிடுங்கிட்டான்.”

அப்போது உள்ளேயிருந்து எழுபது வயது மாமனார் இருமிக்கொண்டே வந்தார். மான்சிக்குக்கு அப்போதுதான் உறைத்தது. பதவி பறிக்கப்பட்ட கடைசிப் பேரரசர் முந்தின நாள்தான் அரண்மனையில் கண்மூடியிருந்தார்.

“அம்மா, அவரைப் பேரரசர்னு எழுதினா ஜெயில். வெறும் ‘யீ அரசர்’னுதான் எழுதணும்னு உத்தரவு.”

“நான் பேரரசர்னு எழுதலையே. அவனுங்க வச்ச பேரையும் எழுத மாட்டேன். எங்க பெரியவரை நாங்க எப்படிச் சொல்லணும்னு அவனுங்களா முடிவு பண்றது?”

மான்சிக் பதிவேட்டில் ‘வீட்டுப் பெரியவர், வயது 53’ என்று மட்டும் எழுதிக்கொண்டார். அடுத்த கடைக்குப் போனார். அங்கும் அதே தாள். அதற்கடுத்த கடையிலும் அதே.

மாலையில் பதிவேட்டைப் புரட்டிய ஜப்பானிய இன்ஸ்பெக்டர் கத்தினார். “ஒரே தெருவுல நாப்பது சாவா? அத்தனை பேருக்கும் அம்பத்திமூணு வயசா?”

மான்சிக் நிமிர்ந்து நின்றார்.

“நாப்பத்தொண்ணு, ஐயா. எங்க வீட்டையும் இப்பதான் எழுதினேன்.”