மேல்வீட்டுக்காரி

"நல்லாக் கேட்டுக்குங்க. ஊற்றுத் தண்ணி என் தோட்டத்தைத் தாண்டித்தான் இந்த வீட்டுக்கு வரணும். நான் வால்வைத் திறந்தா குளிப்பீங்க. திறக்கலேன்னா வானத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க!"

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேல்வீட்டுக்காரி போட்ட சத்தத்தில், விலைக்கு வீடு பார்க்க வந்த நகரத்துத் தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க அப்புறமா போன் பண்றோம்" என்றார் கணவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் மனைவி காரில் ஏறி பெல்ட்டும் போட்டுவிட்டாள்.

இந்த மாதத்தில் இப்படித் திரும்பிப் போகும் மூன்றாவது கார் அது.

அந்த வீட்டின் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நர்சுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அடுத்த நிமிடமே வெட்கமாகவும் இருந்தது. அடுத்தவர் வியாபாரம் கெட்டதில் தனக்கென்ன சந்தோஷம்?

ஆனால் அவள் நிலைமை அப்படி. ஒன்பது வருடமாக அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். மலைக்கே ஒரே ஆஸ்பத்திரி, அதற்கு ஒரே நர்ஸ். நடந்தால் ஐந்து நிமிடம். வீடு கைமாறினால் அடிவாரத்துக்குத்தான் இறங்க வேண்டும். அங்கிருந்து மேலே வர இரண்டு பஸ். மலையில் வேறு வாடகை வீடு ஏது? இருந்ததெல்லாம் இந்த இரண்டு வருடத்தில் விற்றுப்போய், வருடத்துக்குப் பத்து நாள் மட்டும் விளக்கெரியும் பங்களாக்களாகிவிட்டன.

அதற்கெல்லாம் வழி திறந்துவிட்டவளே இந்த மேல்வீட்டுக்காரிதான். நகரத்திலிருந்து லேப்டாப்போடு வந்தாள். பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுத்தாள். "அன்னைக்கு மலைக்கு வந்த காய்ச்சல் சிஸ்டர், இன்னும் இறங்கல" என்பார் ரொட்டிக்கடைக்காரர். இப்போது தண்ணீரையும் பிடித்துக்கொண்டாள் என்று ஊரே அவளைக் கரித்துக்கொட்டியது.

வாசலில் வீட்டுச் சொந்தக்காரர், வயதானவர், தன் மூத்த மகனோடு நின்றிருந்தார். கார் வளைவில் மறைந்ததும் அவர் வேலியைப் பார்த்துக் கத்தினார்.

"ஏம்மா, அது நாக்கா, தேள் கொடுக்கா? வர்றவங்களை எல்லாம் விரட்டினா எங்க கதி என்ன?"

"என் தோட்டம், என் வாய். உங்களுக்கென்ன பெரியவரே?" படாரென்று கதவைச் சாத்திக்கொண்டாள் அவள்.

மகனுக்கு முகம் சிவந்தது. "அப்பா, பேசாம போலீஸ்ல எழுதிக் குடுத்துடலாமா?"

"தாராளமா குடுக்கலாம்டா. அப்புறம் வாங்க வர்றவன்கிட்ட, தண்ணித் தகராறு போலீஸ் வரைக்கும் போயிருக்குன்னு நாமளே சொல்லணும். உன் இஷ்டம்."

மகன் எடுத்த போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"தம்பி வேற பங்கு எங்கேன்னு உசிரை எடுக்கறான். நானும் லீவு போட்டு லீவு போட்டு எத்தனை தடவை மலையேறுறது?" முனகிக்கொண்டே திரும்பியவன் கண்ணில் ஜன்னல் பட்டது. "சிஸ்டர்! பேங்க் லோன் போட்டு வாங்கிக்கறேன்னு போன வருஷம் ஒரு விலை சொன்னீங்களே, அது இன்னும் இருக்கா?"

நர்ஸ் ஜன்னல் கதவை முழுசாகத் திறந்தாள். "இருக்குங்க. ஆனா அன்னைக்கு நீங்க சிரிச்சீங்க."

"இன்னைக்கு அழுகை வருது. எடுத்துக்குங்க. அந்தம்மாவோட மாரடிக்க உங்களாலதான் முடியும். கையில ஊசி இருக்கு."

"ஐயோ, அவ்வளவு கம்மிக்கா?" என்று பெரியவர் நெஞ்சில் கை வைத்தார்.

"நீங்க சும்மா இருங்கப்பா. இதையும் கெடுத்துடாதீங்க."

அவர்கள் கார் கிளம்பியதும், நர்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். சந்தோஷத்தை முந்திக்கொண்டு பயம் வந்துவிட்டது. மேல்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"மேடம், வீட்டை நான்தான் வாங்கப்போறேன். இருபது வருஷ லோன். எனக்கும் தண்ணியை நிறுத்துவீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க."

மேல்வீட்டுக்காரி அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். "உங்க குழாய்ல என்னைக்காவது தண்ணி நின்னிருக்கா சிஸ்டர்?"

நர்ஸ் யோசித்தாள். பைப் விறைத்துப்போகும் குளிரில்கூட நின்றதில்லை.

"அப்புறம் ஏன் வர்றவங்ககிட்டே எல்லாம் அப்படி..."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இங்க என்ன விலைன்னு தெரியாம, கண்ணை மூடிக்கிட்டுக் குடுத்துட்டேன். அது உங்க வாசல் வரைக்கும் வந்து நிக்கும்னு அப்பத் தோணல. தெரிஞ்சப்புறம் சும்மா இருக்க முடியல."

நர்சுக்குக் கண் கலங்கியது. கூடவே கோபமும் வந்தது.

"எனக்காக நீங்க ஊர் திட்டெல்லாம் வாங்கினது பெரிய மனசுதான். ஆனா அந்தப் பெரியவர் என்ன பாவம் பண்ணார்? எவ்வளவு நஷ்டம் அவருக்கு! இனிமே அவர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

மேல்வீட்டுக்காரி சிரித்துவிட்டாள்.

"எனக்குச் சண்டைன்னாலே கை கால் நடுங்கும் சிஸ்டர். 'பெத்த பசங்களை மறுத்துப் பேச எனக்கு வாய் வரலம்மா, ஆனா நர்ஸ் இறங்கிட்டா இந்த மலையில யாருக்கும் வயசாகக் கூடாது'ன்னு சொல்லி, மூணு நாள் இதே நாற்காலியில உட்கார்ந்து, 'இன்னும் கொஞ்சம் கண்ணை உருட்டு, இன்னும் கொஞ்சம் சத்தமா'ன்னு எனக்குக் கத்தச் சொல்லிக் குடுத்ததே அந்தப் பெரியவர்தான்!"