நூலில் கட்டிய பென்சில்

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஓர் இங்கிலாந்துக் கிராமத்தில் அன்று மாவட்டக் கவுன்சில் தேர்தல். வாக்குச்சாவடி மறைப்புக்குள் ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஊர் மொத்தமும் அதைப் பிடித்துத்தான் வாக்குச்சீட்டில் பெருக்கல் குறி போட்டாக வேண்டும். பென்சிலுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"சாலைக் குழியை மூடுகிறேன் என்கிற பிரெண்டாவா, நூலகத்தை மூடவிட மாட்டேன் என்கிற டெரிக்கா? எல்லாம் என் முனையில் இருக்கிறது. நீ என்னடா என்றால் தூங்குகிறாய்!" என்றது, ஆணியில் தொங்கிய தேர்தல் அதிகாரியின் தொப்பியிடம்.

"உம்," என்றது தொப்பி. ஜன்னல் வெளிச்சம் மெல்ல நகர்ந்து வந்து அதன்மேல் படுத்துக்கொண்டது.

சாயங்காலத்துக்குள் பென்சில் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்துபோனது. அதிகாரி நூலை அறுத்து அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் எண்ணிப் பார்த்தால் இருவருக்கும் சரிசமம். மூன்று முறை எண்ணியும் அப்படியேதான். இப்படி வந்தால் அங்கே சீட்டுக் குலுக்குவது வழக்கம். அதிகாரி அதே பென்சிலால் இரண்டு பெயர்களையும் எழுதி, மடித்து, தன் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்தார். டெரிக் ஜெயித்தார். பிரெண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்குக் கைகொடுத்தார்.

பென்சிலுக்கு மனசு ஆறவில்லை. "நாள் முழுக்கத் தேய்ந்தவன் நான். கடைசியில் முடிவு செய்தது நீ! எப்படிச் செய்தாய்?"

தொப்பி அரைத்தூக்கத்தில் அசைந்தது. "நானா? ஏதோ கனவு கண்டேன். யாரோ எனக்குள் கையை விட்டுத் துழாவினார்கள். தலையைத் தேடுகிறார்களாக்கும் என்று நினைத்தேன். கிடைத்ததா?"