தெருவெல்லாம் கேட்ட கேள்வி

ஊரடங்கில் கல்யாணங்கள் நின்றுபோனதும், மைக்செட் போட்டுக்கொண்டிருந்த தவசி, சும்மா கிடந்த குழாய் ஸ்பீக்கரைத் தள்ளுவண்டியில் கட்டிக் காய்கறி விற்கக் கிளம்பினான். தொண்டை கிழியக் கத்த வேண்டாமென்று வீட்டிலேயே பேசிப் பதிந்துகொண்டான். "தக்காளி, வெங்காயம், கத்தரிக்கா" என்று அடுக்கி முடித்தவன், அணைக்க மறந்து, அடுப்படியைப் பார்த்துப் பெண்டாட்டியிடம் "பிரமு, சாப்ட்டியா?" என்று கேட்டான். அதுவும் விழுந்துவிட்டது. அப்படியே தெருத்தெருவாக ஒலித்தது. பள்ளிக்கூடம் இல்லாமல் ஜன்னல்களில் அடைந்துகிடந்த பிள்ளைகள் அதற்காகவே காத்திருந்து, "சாப்ட்டாச்சு!" என்று கோரஸாகக் கத்துவார்கள்.

இரண்டாவது அலையில் தவசி போய்விட்டான். முகத்தைக்கூடக் காட்டாமல் பொதிந்து எடுத்துப்போனார்கள். பதினாறாம் நாள் காரியம் கழிந்து, வண்டியைப் பிரமு தள்ளிக்கொண்டு வந்தாள். குரல் மட்டும் அவனுடையது.

"இல்லாத தக்காளியக் கூவிக்கிட்டே வருதே மைனி. எம்மவ வீட்லதான் இருக்கா, போன்லயே வெட்டிச் சரிபண்ணிருவா," என்றாள் வாடிக்கைக்காரி ஒருத்தி.

பிரமு மெமரி கார்டைக் கழற்றி அவள் மகளின் கையில் வைத்தாள். "காய்ப் பேரு எல்லாத்தையும் எடுத்துரு தாயி. கடைசில ஒண்ணு கேக்காவல்லா, அத மட்டும் விட்டுரு."

மறுநாள் வண்டி அதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தது. பைகளோடு வாசலுக்கு வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஜன்னல்களில் பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள். அவர்கள் கத்துவதற்குள், "இன்னும் இல்ல" என்று பிரமு முந்திக்கொண்டாள்.