அனுதாபக் கணிப்பு

ஆளுநர் இளம்பரிதியைத்தான் துணை அதிபர் வேட்பாளராக அறிவிப்பார்கள் என்று அமெரிக்கத் தொலைக்காட்சிகள் ஆரூடம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அவருடைய அப்பா சபாபதி சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனையில் கிடந்தார். குடும்பத்தில் இளம்பரிதியின் சிறுநீரகம் மட்டுமே அவருக்குப் பொருந்தியது.

“ஆபரேஷனை இந்த வாரமே வச்சுக்கலாம் அண்ணா,” என்று தங்கை யாழினி கெஞ்சினாள்.

“ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவனை எவன் வேட்பாளராக்குவான்? மெஷின் வேண்டாம்னு சொல்லுது. அறிவிப்பு வரட்டும்.”

மக்கள் அடுத்து என்ன நினைப்பார்கள் என்பதை அந்தக் கணிப்பு இயந்திரம் பிசகாமல் சொல்லும். அதைக் கேட்காமல் இளம்பரிதி சட்டைகூட மாற்றுவதில்லை.

அப்பாவும் மகன் பக்கம்தான். “அவன் ஜெயிக்கட்டும்மா, நான் தாங்குவேன்,” என்றார். ஆனால் அவர் உடம்பு தாங்கவில்லை.

தகனம் முடிந்த அன்றே கட்சித் தலைமை இளம்பரிதியின் பெயரை அறிவித்தது. துக்கம் கேட்க வந்தவர்களே வாழ்த்தும் சொன்னார்கள். யாழினி அண்ணனின் ஆலோசகர் தீபனை ஓரமாக அழைத்தாள்.

“அப்பா இறந்த அனுதாபத்துலதான் அண்ணனுக்குக் கிடைச்சுதா?”

“ஆமாங்க. அப்பா போயிட்டா ஆதரவு ஏறும்னு மெஷின் போன மாசமே சொல்லிடுச்சு.”

“அண்ணனுக்கு அது தெரியாது இல்ல?”

தீபன் தலைகுனிந்துகொண்டார். “அப்பா போயிட்டா என்ன ஆகும்னு மெஷின்கிட்ட கேட்கச் சொன்னதே அவர்தாங்க.”

யாழினி கூடத்தை எட்டிப் பார்த்தாள். அப்பாவின் படத்துக்கு முன்னால் அண்ணன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். அந்த அழுகையில் நடிப்பே இல்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.